கடைமடையும் கணினி வலையும்

இளங்கலைத் தமிழ் பயிலும் மாணவர்களுக்குக் கணினி அடிப்படைகள் என்றொரு தாள் இருப்பது நண்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். கணினித் துறையார் பணிச்சுமையைக் காட்டிக் கைவிரிக்கும் பருவங்களில் அது தமிழ்த் துறையின் தலையில் வந்து விழும். சென்ற பருவத்தில் நம் தலையில் விழுந்தது. தொல்காப்பியம் நடத்திய தொண்டையோடு அடுத்த மணியில் ரூட்டரைப் பற்றிப் பேசுவது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிப்போயிற்று, சுவையும் தட்டிற்று.

பருவத் தேர்வில் "கணினி வலையமைப்பின் அமைப்புமுறைகளை விளக்குக" என்று பத்து மதிப்பெண் வினா. வந்த விடைகள் யாவும் ஒரே அச்சு. பாட்டை, விண்மீன், வளையம், மரம், பின்னல். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், இரண்டு நிறை, இரண்டு குறை. ஒரு தாள் மட்டும் நம்மை நிறுத்தியது. மர அமைப்பின் குறைகளைச் சொல்லுமிடத்தில் "மேலே ஓரிடத்தில் அறுந்தால் கடைமடைக் கணினிகள் எல்லாம் நின்றுபோகும்" என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. உடன் திருத்திய நண்பர், 'கடைமடை'யின் கீழே சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்தில் ஒரு வினாக்குறியும் இட்டிருந்தார். கணினியில் ஏது மடை என்பது அவருடைய ஐயம். அவர் மேட்டு நிலத்துக்காரர். நாமோ போலகத்தில் பிறந்தவர்கள். அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

போலகம் எங்கிருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. காரைக்கால் மாவட்டத்தின் தென்பகுதியில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் இருக்கிறது. கிழக்கே கடல், தெற்கே சற்று நடந்தால் தமிழ்நாட்டு எல்லை. மேட்டூரில் திறக்கும் நீர் முக்கொம்பில் காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிகிறது. கல்லணையில் மீண்டும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அப்புறம் கிளை, கிளைக்குள் கிளை, வாய்க்கால், அதற்குள் கன்னி வாய்க்கால் என்று சிறுத்துச் சிறுத்து, அரசலாறும் திருமலைராசனாறுமாக எங்கள் பக்கம் வந்து சேர்கிறது. கணினியார் 'மர அமைப்பு' என்று சொல்வதை இதைவிடப் பெரிதாக யாரும் வரைந்துவிட முடியாது. (மரம் என்று பெயர் வைத்துவிட்டு வேரை மேலேயும் இலையைக் கீழேயும் வரைவது அவர்கள் வழக்கம். கீதையில் வரும் தலைகீழ் அரசமரத்தை அறிந்தவர்களுக்கு அது வியப்பளிக்காது.) மரத்தின் நுனி இலையாக இருப்பதன் பொருளை எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலே ஒரு மதகு மூடினால் கீழே ஒரு போகம் போயிற்று. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கென ஒதுக்கியதும், உச்ச நீதிமன்றம் 2018-இல் மாற்றாமல் விட்டதும் 7 டி.எம்.சி. நீர். அந்த ஏழும் எல்லா மதகுகளையும் தாண்டித்தான் வரவேண்டும். வேறு வழி கிடையாது. 'வேறு வழி கிடையாது' என்ற அந்தத் தொடரில்தான் வலையமைப்புப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

வலையமைப்பு என்பது மூன்று பொருள்களால் ஆனது. பேசும் முனைகள், முனைகளை இணைக்கும் தடங்கள், யார் எப்போது எப்படிப் பேசுவது என்ற ஒழுங்கு. முனை கணினியாகவோ கைபேசியாகவோ இருக்கலாம். தடம் செம்புக் கம்பியாகவோ கண்ணாடி இழையாகவோ காற்றில் செல்லும் அலையாகவோ இருக்கலாம். அவையெல்லாம் ஆண்டுதோறும் மாறுகின்றன. மாறாமல் நின்று ஊரின் விதியைத் தீர்மானிப்பது, எந்த முனை எந்த முனையோடு கட்டப்பட்டிருக்கிறது என்ற அமைப்பு மட்டுமே. பாடநூல்கள் இதைப் பட வகைகளாக ஒப்பிக்கச் சொல்வதால் மாணவருக்கு அதன் உறுத்தல் தெரிவதில்லை.

பாட்டை அமைப்பை நாம் கற்றது நூலில் அன்று. மாணவராயிருந்த காலத்தில், 2000-ஐ ஒட்டி, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பிரவுசிங் சென்டர் ஒன்றுக்குப் போய்வருவோம். ஏழெட்டுக் கணினிகளை ஒரே கறுப்புக் கம்பியில் கோத்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் அமர்ந்தவர் காலை நீட்டிக் கம்பியின் முனையில் இருந்த சிறு மூடியைத் தட்டிவிட்டால் எல்லாத் திரைகளும் ஒருசேர உறைந்து நிற்கும். கடைக்காரத் தம்பி மேசைகளுக்கடியில் தவழ்ந்துபோய் ஒவ்வோர் இணைப்பாக அழுத்திப் பார்ப்பார். ஒரே பாட்டையில் எல்லாரும் போவதென்றால் அதுதான் விலை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பஸ்' என்ற பெயர் 'ஆம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வால். 'எல்லார்க்கும்' என்பது பொருள். நம் தெருவில் ஓடும் பேருந்தும் அதே வால்தான். எல்லார்க்கும் என்ற நல்ல சொல்லுக்குள் எல்லாரும் சேர்ந்து நிற்பதும் அடங்கியிருக்கிறது.

அந்தக் கம்பியில் ஓடிய ஒழுங்குக்கு ஈத்தர்நெட் என்று பெயர். 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இராபர்ட் மெட்காஃப் வகுத்தது. அதற்கு முன்னோடி, 1971-இல் ஹவாய்த் தீவுகளை வானொலி அலையால் இணைத்த அலோகா வலை. ஈத்தர்நெட்டின் விதி திண்ணைப் பேச்சின் விதியேதான். பேசுமுன் காதுகொடு; யாரும் பேசாவிட்டால் பேசு; இருவர் ஒரே நேரத்தில் வாய்திறந்துவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு சிறுபொழுது காத்திருந்து மறுபடி தொடங்கு. காத்திருக்கும் பொழுது இருவர்க்கும் ஒன்றாயிருந்தால் மறுபடி மோதல். ஆகவே அதைக் குலுக்கல் முறையில் விட்டார்கள்.

வளைய அமைப்பின் ஒழுங்கு வேறு. 1980-களில் ஐ.பி.எம். பரப்பிய வளையத்தில் 'டோக்கன்' ஒன்று கைமாறிச் சுற்றிவரும். அதை வைத்திருக்கும் கணினிக்கு மட்டுமே பேசும் உரிமை. எங்கள் பக்கத்து முறைப்பாசனம் இதுதான். இன்று உன் வயல், நாளை அவன் வயல். முறை தவறினால் வரப்பில் மண்வெட்டி ஓங்கப்படும் என்பது மட்டுமே வேறுபாடு.

இனி விண்மீன். எல்லா முனைகளும் நடுவில் உள்ள ஒன்றோடு மட்டும் கட்டப்பட்டிருக்கும். முனைக்கும் முனைக்கும் நேர்த்தொடர்பு இராது. வீட்டில் ஒரு பெட்டியிலிருந்து நான்கு கைபேசிகள் இணையத்தை உறிஞ்சுவது இவ்வமைப்பே. ஒரு முனை கெட்டால் மற்றவற்றுக்குக் கேடில்லை. நடு கெட்டால் யாவும் கெடும். காரைக்கால்காரர்க்கு இதற்கும் படம் தேவையில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியே ஒரு விண்மீன்தான். நடுவில் புதுச்சேரி, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தெற்கே காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரக் கரையில் ஏனாம். பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த வணிகத் துறைகளின் எச்சம் இது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து நாகூர் மிதிவண்டித் தூரம். ஆனால் இவ்வூர் அலுவலகத்துக்கும் அவ்வூர் அலுவலகத்துக்கும் முறையான கடிதப் போக்குவரத்து என்றால், ஒன்று புதுச்சேரி வழியாகவும் மற்றது சென்னை வழியாகவும் ஏறி இறங்க வேண்டும்.

தபாலும் தொலைபேசியும் இந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை என்பது நாம் எண்ணி எண்ணி மகிழும் செய்தி. புதுச்சேரியின் தொலைபேசிக் குறியீடு 0413. காரைக்காலின் குறியீடு 04368. மயிலாடுதுறை 04364, நாகப்பட்டினம் 04365, திருவாரூர் 04366, மன்னார்குடி 04367 என்று வரிசையாக வரும் உறவினரோடு எங்கள் ஊரையும் அமர்த்திவிட்டார்கள். அஞ்சல் குறியீடும் அப்படியே. புதுச்சேரி 605-இல் தொடங்க, காரைக்கால் 609602. முகவரி என்பது ஓர் ஊரின் பெயரன்று, அங்கே போவதற்கான வழியின் சுருக்கம் என்று இந்த எண்களை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். இணையத்தின் எண்முகவரிகளும் இவ்வாறே முன்பகுதி வட்டாரத்தையும் பின்பகுதி வீட்டையும் குறிக்குமாறு அடுக்கப்பட்டவை. வழியில் நிற்கும் ரூட்டர் முன்பகுதியை மட்டும் பார்த்துத் தகவலை அடுத்தவரிடம் தள்ளிவிடும்; முழு வழியையும் அது அறிய வேண்டுவதில்லை. தபால் பிரிப்பவர் செய்வதும் அதைத்தான்.

அண்மையும் சேய்மையும் தரையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று. இந்தியாவில் இணையம் வந்த புதிதில், ஒரே நகரத்தில் இரு வேறு நிறுவனங்களின் இணைப்பை வைத்திருந்த இருவர் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டால், அது வெளிநாடு வரை போய்த் திரும்பி வருவதுண்டு. இரு நிறுவனங்களும் உள்நாட்டில் கைகோத்துக்கொள்ள இடமில்லாததே காரணம். 2003-இல் 'நிக்சி' என்னும் தேசிய இணைய இணைப்பகம் அமைந்து, சென்னை உள்ளிட்ட நகரங்களில் கைகோக்க இடம் ஏற்பட்ட பிறகே அக்கடல்கடந்த பயணம் குறையத் தொடங்கியது. எதிர்வீட்டுக்குச் செல்ல அமெரிக்கா வழியாகப் போன அந்தக் கதையைக் கேட்டு மாணவர்கள் சிரித்தார்கள். நாகூர்க் கடிதத்தின் கதையைச் சொன்னோம். காரைக்கால் மாணவர்கள் சிரிக்கவில்லை.

மரத்துக்கும் விண்மீனுக்கும் மாற்று என்ன என்று வினவியவர்களுள் முதன்மையானவர் பால் பாரன். அமெரிக்காவின் ராண்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். அணுகுண்டு விழுந்து பல முனைகள் அழிந்த பின்னும் மிஞ்சியவை தம்முள் பேசிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். 1964-இல் வெளியிட்ட அறிக்கைகளில் அவர் காட்டிய விடை, நடுவே இல்லாத பின்னல். ஒவ்வொரு முனையும் அண்டையில் உள்ள மூன்று நான்கு முனைகளோடு கட்டப்பட்டிருந்தாலே போதும். பெருமளவு அழிவுக்குப் பின்னும் ஏதேனும் ஒரு சுற்றுவழி எஞ்சும். செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி விட்டுவிட்டால், அவை கிடைத்த வழியில் போய்ச்சேர்ந்து கடைசியில் ஒன்றுகூடும். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்துக்கு ஆர்ப்பாநெட்டின் முதற்செய்தி போனது. இரண்டெழுத்துப் போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது என்பதும் வரலாறு. ஆண்டு முடிவதற்குள் நான்கு முனைகள் இணைந்தன.

ஆகவே இணையம் என்பது பின்னல், அதை அழிக்க முடியாது, அங்கே எல்லாரும் சமம் என்று ஒரு முழக்கம் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். இணையம் நடுவில் பின்னல்; விளிம்பில் இன்னும் மரமே. 2008 சனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோது இந்தியாவிலிருந்து மேற்கே செல்லும் இணையத் திறனில் பெரும்பகுதி போயிற்று. ஆயினும் நாடு ஊமையாகவில்லை. போக்குவரத்தில் ஒரு பகுதி கிழக்கே திரும்பிப் பசிபிக் வழியாகச் சுற்றிப் போயிற்று. சென்னைக்கும் மும்பைக்கும் பல வழிகள் உண்டு. போலகத்துக்கு?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிற்று. எங்கள் வீட்டு முருங்கையும் தெருவின் மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கைபேசிக் கோபுரத்தில் மின்கலம் தீரும் வரை ஒற்றைக் கோடு தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி இரண்டு நாள் விடாமல் அழைத்திருக்கிறான். அவன் அழைப்பு கடலைக் கடந்து சென்னைக்கு வந்து, அங்கிருந்து இழைவழி இறங்கி, எங்கள் ஊருக்குச் சில கல் தொலைவில் எங்கோ நின்று திரும்பிப் போயிருக்கிறது. மூன்றாம் நாள் கும்பகோணம் சென்ற பால்வண்டி ஓட்டுநரிடம் ஒரு துண்டுத்தாளில் தம்பியின் எண்ணையும் 'அம்மா நலம்' என்பதையும் எழுதிக் கொடுத்தோம். அவர் அங்கே சென்று அழைத்துச் சொல்லியிருக்கிறார். பாரன் சொன்ன முகவரியிட்ட பொட்டலம், பால்வண்டியில் போயிற்று.

மாணவியின் சொல்லை மீண்டும் பார்ப்போம். கடைமடைக்கு நீர் தாமதமாகவும் குறைவாகவும் வரும். கணினி வலையில் அப்படியில்லை என்று நண்பர் வாதிட்டார், ஒருவகையில் உண்மை. இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் போகும். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. அவள் எழுதியதும் தாமதத்தைப் பற்றியதன்று. அறுந்து நின்றுபோவதைப் பற்றியது. ஒற்றை வழியை நம்பியிருப்பதே கடைமடையின் இலக்கணம். ஆங்கிலத்தில் இந்த இறுதித் துண்டை மைல் கணக்கில் சொல்கிறார்கள். நம்மவரும் அதை அப்படியே பெயர்த்துக் 'கடைசி மைல்' என்று எழுதிவருகிறார்கள். மைலை நாம் கைவிட்டு எத்தனையோ காலமாயிற்று. மேலும் மைல் என்பது வெறும் தூரம், அதில் ஆளில்லை. கடைமடை என்றால் அங்கே ஒரு வயலும், வரப்பில் நின்று மேற்கே பார்க்கும் ஓர் ஆளும் இருக்கிறார்கள். தலைமடை என்ற எதிர்ச்சொல்லும் கூடவே வருகிறது. மேலே இருப்பவருக்கு ஒரு கடமை உண்டென்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. கலைச்சொல் தேடுவோர் இதைக் கருத வேண்டுகிறோம்.

இது வெறும் சொல்லாய்வாயிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். 2004 திசம்பர் 26 காலை 6.28 மணிக்குச் சுமத்திராவில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்தே நம் கரையைக் கடல் அடித்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடி இழை 2002-இலேயே இடப்பட்டிருந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில் செய்தி எத்தனை கோடி முறை போய்வந்திருக்கலாம்! ஆனால் அந்த இழையின் முனைக்கும் பட்டினச்சேரிக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் இடையே எச்சரிக்கையைக் கொண்டுவரும் தடம் எதுவும் இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அன்று மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் கடற்கரையினர்.

அதே நாள் புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நடந்தது வேறு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை நடுவாகக் கொண்டு சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கியது. வானொலி அலையால் இணைத்த விண்மீன் அமைப்பு. மின்வெட்டுக்கு அஞ்சிக் கதிரொளி மின்சாரம். கடலோர ஊர்களில் அலையின் உயரத்தைச் சொல்ல ஒலிபெருக்கி. நல்லவாட்டுக்கு அன்று எச்சரிக்கை வில்லியனூரிலிருந்து வரவில்லை. சிங்கப்பூரில் இருந்த ஊர்ப்பிள்ளை ஒருவர் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசினார். வீட்டார் மையத்துக்கு ஓடினர். மையத்தின் ஒலிபெருக்கி ஊரைக் கரையிலிருந்து அகற்றியது. ஒரு தடம் அந்தக் குடும்பத்தின் தொலைபேசி; இன்னொரு தடம் கூரைமேல் கட்டிய குழாய். இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. அன்று காலை ஒரு மனிதர் ஓடி முடிச்சுப் போட்டார். ஒலிபெருக்கி அலைக்காகக் கட்டப்பட்டது, ஆழிப்பேரலைக்காக அன்று.

அதன் பின் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது. நன்று. அது தலைமடை. ஊராட்சிகளுக்கு இழை கொண்டுசெல்லும் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றுப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறியது. தொடக்கத்தில் இழையை ஒற்றை வரிசையாக இழுத்துக்கொண்டு போனார்கள். நடுவில் சாலைப்பணிக்காரர் ஒருவர் பள்ளம் தோண்டினால் அதற்கப்பால் உள்ள ஊர்கள் யாவும் அடங்கிவிடும். 2023-இல் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம், ஏறத்தாழ 2.64 இலட்சம் ஊராட்சிகளை வளைய அமைப்பில் இணைக்கச் சொல்கிறது. வளையம் ஓரிடத்தில் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றி வரலாம். ஒரு மாணவி மூன்று வரியில் எழுதியதை அரசு பன்னிரண்டு ஆண்டில் கண்டுகொண்டது என்று குறும்பாகச் சொல்லத் தோன்றினாலும், கண்டுகொண்டதைப் பாராட்டவே வேண்டும்.

எனினும் வளையம் எல்லைக்கோட்டில் வந்து நிற்குமோ என்பது நம் அச்சம். காரைக்காலைச் சுற்றி நாகப்பட்டினமும் திருவாரூரும் மயிலாடுதுறையும் இருக்கின்றன. எங்கள் ஊரின் இரண்டாம் வழி இயல்பாக நாகூர்ப் பக்கமிருந்து வரவேண்டியது. புதுச்சேரியிலிருந்து மீண்டும் ஒரு கம்பியை இழுத்து அதை இரண்டாம் வழி என்று கணக்குக் காட்டலாகாது. ஒரே சாலையோரம் ஒரே பள்ளத்தில் இரண்டு இழைகள் கிடந்தால் அவை இரண்டல்ல, ஒன்றே. தொலைபேசிக்குக் குறியீடு இட்டவர்கள் எல்லையைத் தாண்டிச் சிந்தித்தார்கள். கோபுரத்துக்கும் இழைக்கும் எச்சரிக்கை ஒலிபெருக்கிக்கும் அதே சிந்தனை வேண்டும் என்று கேட்கிறோம். கடற்கரை ஊர்கள் ஒவ்வொன்றிலும், மின்சாரம் போனபின் நான்கு நாளாவது உயிரோடிருக்கும் ஒரு முனையும் வேண்டும்.

விடைத்தாளை முடித்துவிடுவோம். நண்பரோடு அரைமணி வழக்காடி, சிவப்புக் கோட்டின் மேல் நாமே குறுக்குக் கோடிட்டு, பத்துக்கு ஒன்பது வழங்கினோம். அந்த ஒன்றைக் குறைத்ததில் நண்பர் பங்கு ஏதுமில்லை. அவள் வளைய அமைப்பை எழுத மறந்திருந்தாள்.